டெக்ஸாஸ் துப்பாக்கி லைசன்ஸ் நியூ ஜெர்சில செல்லுமா?

ஹூஸ்டன்வாசி:
வணக்கம், வேலை மாறி அடுத்த மாசம் ஹூஸ்டன்ல இருந்து ஜெர்சி போறேன், கார்லயே. கிரீன் கார்டு இருக்கு. க்ளாக் 19 கைத்துப்பாக்கி ஒண்ணு, பாக்கெட்ல எப்பவும் ஒரு மடக்கு கத்தி. இங்க 2021 செப்டம்பர்ல இருந்து 21 வயசானா பர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கி வெச்சிக்கிட்டு நடக்கலாம், ஆனாலும் நான் லைசன்ஸ் எடுத்திருக்கேன். டிரைவிங் லைசன்ஸ் மாதிரி இதுவும் எல்லா ஸ்டேட்லயும் செல்லும்தானே?

ஜெர்சி மாமா:
செல்லாது தம்பி. வெளி ஸ்டேட் பர்மிட் எதையும் ஜெர்சி ஏத்துக்காது. இங்க பர்மிட் இல்லாம இடுப்புல சொருகி மாட்டினா க்ரேவ்ஸ் ஆக்ட்னு ஒண்ணு இருக்கு, ஜெயில் கட்டாயம்ங்கற அளவுக்கு போகும், டெக்ஸாஸ்ல சரின்னாங்கன்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான்.

வழில பல ஸ்டேட் தாண்டணும்ல, அதுக்கு 1986 ஃபெடரல் சட்டம் இருக்கு. குண்டு கழட்டி, துப்பாக்கியும் குண்டும் கைக்கு எட்டாம ட்ரங்க்ல, அதாவது கார் டிக்கில இருக்கணும், ட்ரங்க் தனியா இல்லாத வண்டின்னா பூட்டின பெட்டில, க்ளவ் பாக்ஸ் கணக்குல வராது. ஆனா இத ரொம்ப நம்பி வழில ஊர் சுத்தாதீங்க. 2005ல யூட்டாக்காரர் ஒருத்தர் நியூவார்க்ல அடுத்த ஃப்ளைட்ட விட்டுட்டு பெட்டியோட ஹோட்டல்ல ஒரு ராத்திரி தங்கினார், காலைல கவுண்டர்ல துப்பாக்கி இருக்குன்னு அவரே சொல்லப்போக பிடிச்சு உள்ள போட்டாங்க. கேஸ் நிக்கல, ஆனா கைது பண்ணது தப்புன்னு அவர் போட்ட வழக்கும் 2010ல அப்பீல் கோர்ட்ல தோத்துடுச்சு, ஹோட்டல்ல பெட்டி அவர் கைக்கு எட்டுற மாதிரி இருந்துச்சாம்!

இன்னொண்ணு, க்ளாக் 19 கூட வர்ற மேகஸின், அதாவது குண்டு அடுக்குற கூடு, 15 குண்டு பிடிக்கும். இங்க 10தான், வீட்டுல வெச்சிருந்தாலே குத்தம். வந்து 60 நாளைக்குள்ள துப்பாக்கி வெச்சிக்கறதுக்கான ஐடி கார்டு வாங்கி துப்பாக்கிய பதிவும் பண்ணணும். கிளம்புறதுக்கு முன்னாடி ஜெர்சி வக்கீல் ஒருத்தர்கிட்ட பேசிடுங்க, ஆயுத கேஸ்ல தண்டனை ஆச்சுன்னா கிரீன் கார்டுக்கே வேட்டு.

மடக்குக்கத்தி:
கத்திய எல்லாரும் மறந்துடுறாங்க. அந்த 1986 சட்டம் துப்பாக்கிக்கு மட்டும், கத்திக்கு கிடையாது. டெக்ஸாஸ்ல அஞ்சரை இஞ்சுக்கு மேல போனாதான் ஸ்கூல் மாதிரி சில எடத்துல தடை. ஜெர்சில அளவ விட எதுக்கு வெச்சிருக்கீங்கன்னுதான் பாப்பாங்க, தற்காப்புக்குன்னு வாய விட்டீங்க, போச்சு. நியூ யார்க் சிட்டி போனா 4 இஞ்சும் அதுக்கு மேலயும் கூடாது, சின்னதா இருந்தாலும் க்ளிப் வெளிய தெரிய மாட்டக்கூடாது.

ஜெர்சி மாமா:
இத படிக்கிற ஹெச்1பி வேலை விசா பசங்களுக்கு ஒரு வார்த்தை. துப்பாக்கி மட்டுமில்ல, குண்டு கைல இருந்தாலே உங்களுக்கு ஃபெடரல் குத்தம். ஏதாவது ஒரு ஸ்டேட்டோட வேட்டை லைசன்ஸ் இருந்தா விலக்கு உண்டு. ரேஞ்ச்ல ஃப்ரெண்டு துப்பாக்கிய வாங்கி சும்மா ஒரு தடவை சுடுறவங்க நிறைய பேருக்கு இது தெரியாது.

ஹூஸ்டன்வாசி:
ரொம்ப நன்றி மாமா. மேகஸின இங்கயே வித்துடுறேன். மிச்சம் இருக்கற குண்ட ரூம்மேட்கிட்ட குடுத்துட்டு கிளம்பலாம்னு இருந்தேன், அவன் ஹெச்1பி.