ஆயத்த ஆராதனைக்கு எட்டுப் பேர்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

இடையன்குடிக்காரன் (இப்போ பாளையங்கோட்டை)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாளைக்கு எங்க சபையில நற்கருணை, அதாவது ராப்போஜனம். அதனால இன்னைக்குச் சாயங்காலம் அதுக்கு மனசைத் தயார் பண்ணுற ஆயத்த ஆராதனை. பாதிரியார் ஐயரையும் கோயிலைப் பாத்துக்கிற கோயில்பிள்ளையையும் சேர்த்து எட்டுப் பேர் இருந்தோம். நாளைக்குக் காலையில அப்பமும் ரசமும் வாங்குற பந்திக்கு வரிசை வாசல் வரைக்கும் நிக்கும், அது வேற விஷயம்.

எங்க ஊர்ல நான் பையனா இருக்கையில சனிக்கிழமை சாயங்காலம்னா பெரியவங்களுக்கு ஒரு பயம் உண்டு. மறுநாள் ராப்போஜனம் எடுக்கணும்னா, யார்கூடப் பேச்சு இல்லையோ அவங்ககிட்ட அதுக்குள்ள பேசிரணும். எங்க தாத்தாவும் அவர் தம்பியும் நில எல்லைப் பொழியில நின்ன ஒரு உடைமரத்துக்காக ஏழு மாசம் பேசிக்கல. ஏழு மாசமும் தாத்தா கோயிலுக்குப் போவார், பாட்டெல்லாம் பாடுவார், பந்தி நேரம் வந்தா மட்டும் எழும்பாம தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருப்பார். ஒரு சனிக்கிழமை ஆராதனை முடிஞ்சு இருட்டுக்குள்ள செருப்பைத் தேடிக்கிட்டு நின்னார். சின்னத் தாத்தா அதை எடுத்துக் காலுக்கு முன்னால போட்டார். "ஏல, வீட்டுக்கு வா, காப்பி குடிச்சிட்டுப் போ" ன்னார் தாத்தா. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை ரெண்டு பேர் வாயிலயும் வரல. மரத்தைக் கடைசியில யார் வெட்டினாங்கன்னும் எனக்குத் தெரியாது.

ஆராதனையில நான் நெளிஞ்சா தாத்தா தொடையில கிள்ளுவார். "கால்டுவெல் ஐயர் இந்தக் கோயிலுக்கு 33 வருஷம் பொறுத்தாவ, ஒனக்கு முக்கா மணி நேரம் இருக்க முடியலியோ?" 1880-ல பிரதிஷ்டை ஆன கோயில் அது. கட்டி முடிக்கத்தான் அத்தனை வருஷம் ஆச்சு.

"ஆண்டவர் வந்தா நீங்க தயாரா?" ன்னு கேட்டா மேடைப் பேச்சு மாதிரி ஆயிரும். அதனால இப்படிக் கேக்கேன்: ஆயத்தமில்லாம மாட்டிக்கிட்ட ஒரு நாள், இல்லைன்னா ஆயத்தமா இருந்த ஒருத்தரைப் பார்த்த ஒரு நாள். நடந்ததை மட்டும் சொல்லுங்க, பிரசங்கம் நாளைக்கு எப்படியும் கிடைக்கும். எனக்கும் ஒண்ணு இருக்கு. தைரியம் வந்தா கடைசியில சொல்லுதேன்.

நாசரேத் பொண்ணு

அண்ணே, சிரிக்கக் கூடாது. நான் ஆறாம் வகுப்பு படிக்கையில ஊர்ல மூணு நாள் கன்வென்ஷன். ரெண்டாம் நாள் ராத்திரி பிரசங்கியார் ரகசிய வருகை பத்திப் பேசினார், ஆண்டவர் திடீர்னு வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கிட்டுப் போறது. அம்மா எடுத்துக்கொள்ளப்படுவா, பிள்ளை கைவிடப்படும், அடுப்புல சோறு கொதிச்சுக்கிட்டே இருக்கும்னு அவர் சொன்னது அப்படியே மனசுல ஒட்டிக்கிட்டு.

மறுநாள் ஸ்கூல் விட்டு வந்தா வாசல் கதவு திறந்து கிடக்கு. அம்மையக் காணோம். அடுப்புல சோறு கொதிச்சு வழியுது. பக்கத்து வீட்லயும் ஆள் இல்லை, எதுத்த வீட்லயும் இல்லை. ஆட்டுக்குட்டி மட்டும் நிக்குது. எனக்குக் கை கால் உதறிட்டு. அந்த நேரத்துலயும் ஒரு யோசனை வந்தது பாருங்க: ஐயர் வீட்டுக்குப் போய்ப் பாப்போம், ஐயரம்மா இருந்தா வருகை இன்னும் ஆகல. யூனிஃபார்மோட ஓடினேன். ஐயரம்மாவும் இல்லை!

தெருவுல உட்கார்ந்து அழுததைக் கேட்டு ஒரு தாத்தா வந்து, மேலத் தெருவுல பசுமாடு கிணத்துக்குள்ள விழுந்துட்டு, ஊரே அங்கதான் நிக்குன்னார். அங்க போனா ஐயரம்மா கயிறு பிடிச்சுக்கிட்டு நிக்காங்க.

அதுக்கப்புறம் ஒரு வாரம் அப்படி ஜெபம் பண்ணினேன். ஒரே ஒரு வாரம்தான். அந்தப் பயம் என்னை விழிக்க வைக்கல, திறந்து கிடக்கிற கதவைக் கண்டா வயித்தைப் பிசையுற மாதிரி ஆக்கிட்டு, அவ்வளவுதான். பிள்ளைங்க இருக்கிற இடத்துல இப்படிப் பேசுற ஆளுங்க மேல எனக்கு இன்னும் கோவம் உண்டு.

பனையேறி பேரன்

நாசரேத் தங்கச்சி சொன்னது சரிதான். எங்க பக்கம் மெஞ்ஞானபுரம். கோயில் கோபுரம் 192 அடி. பனை உச்சியில இருந்து பார்த்தா அது எந்தத் திசையில நிக்குன்னு தெரியும், அதை வச்சுத்தான் எங்க தாத்தா மேல இருந்துக்கிட்டே ஜெபம் பண்ணுவாராம்.

எனக்கு விழிப்புன்னா பாளை, அதாவது பனம்பூங்குலை, சீவுறதுதான் ஞாபகம் வரும். சீசன் தொடங்கிட்டா காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க ஏறியே ஆகணும். பாளை அருவாளை வச்சு நுனியில ஒரு சீவு. சீவல் வெத்தலைக் கனம்தான் இருக்கும். அதைச் சீவினாத்தான் பதநீ சொட்டும். கலயத்துக்கு உள்ள சுண்ணாம்பும் பூசணும், இல்லைன்னா இறக்குறதுக்குள்ள புளிச்சுக் கள்ளாப் போயிரும். எதுவும் பெரிய வேலை இல்லை. ஆனா நேத்து சீவினது இன்னைக்குக் கணக்குல சேராது.

ஒரு பங்குனியில தாத்தாவுக்குக் காய்ச்சல், நாலு நாள் படுத்துட்டார். மரம் அப்படியேதான் நின்னது, ஓலை பச்சையாத்தான் இருந்தது. அஞ்சாம் நாள் ஏறினவர் பாளையைத் தடவிப் பார்த்துட்டு வெறுங்கலயத்தோட இறங்கினார். "அடைச்சுட்டுடே" ன்னார். வேற ஒண்ணும் சொல்லல. அன்னைக்குக் காய்ச்ச ஒண்ணும் இல்லாம ஆச்சி பதநீ காய்ச்சுற விடிலிக் குடிசையில சும்மா உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள்ள நிக்கு.

நைட் டியூட்டி சிஸ்டர்

எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன். தப்பு என்னுது.

வார்டுல எமர்ஜென்சி டிராலின்னு ஒண்ணு உண்டு. ஒவ்வொரு டியூட்டி மாறும்போதும் அதைத் திறந்து பார்த்து நோட்டுல கையெழுத்துப் போடணும். அதுல லாரிங்கோஸ்கோப் இருக்கும். மூச்சு நிக்கிற நேரத்துல தொண்டைக்குள்ள குழாய் போட டாக்டருக்கு வெளிச்சம் காட்டுற கருவி. பிளேடை மாட்டி விரிச்சா பல்பு எரியணும். அன்னைக்கு நான் விரிச்சுப் பார்க்கல. முந்தின ஆள் போட்ட டிக்குக்குக் கீழ நானும் ஒரு டிக் போட்டேன்.

மூணு மணிக்கு ஒரு ஐயாவுக்கு மூச்சு நின்னுட்டு. டாக்டர் கையை நீட்டுதார். குடுத்தேன், விரிச்சார், எரியல. தட்டிப் பார்த்தார், எரியல. இன்னொரு சிஸ்டர் மூச்சுக்குக் காத்து குடுக்கிற ஆம்பு பேக்கை அழுத்திக்கிட்டே இருக்கா, நான் பக்கத்து வார்டுக்கு ஓடினேன், "உங்க ஸ்கோப்பைக் குடுங்க" ன்னு. ஓடும்போதே இயேசு சொன்ன உவமையில விளக்கோட மணவாளனுக்குக் காத்திருந்து, எண்ணெய் இல்லாமப் போன புத்தியில்லாத கன்னிகைகள் ஞாபகம்தான். உங்கள் எண்ணெயில் எங்களுக்கும் கொடுங்கள்னு கேட்டாங்களே, அது. அவங்களுக்குக் கிடைக்கல, எனக்குக் கிடைச்சது. அந்த ஐயா பிழைச்சுக்கிட்டார்.

அன்னைக்கு ராத்திரி நான் ஒரு நிமிஷம் கண் அசரல. நல்லா முழிச்சுத்தான் இருந்தேன். அதுக்கப்புறம் மத்தேயு 25-ஐ எடுத்து வாசிச்சப்பதான் கவனிச்சேன்: மணவாளன் வரத் தாமதமானப்ப பத்துப் பேருமே தூங்கிட்டாங்க, புத்தியுள்ள அஞ்சு பேரும் சேர்த்துத்தான். தூங்கினதுக்கு அங்க யாரையும் யாரும் கோவிக்கல. எத்தனை வருஷமா 'விழித்திருங்கள்'னு அங்க வர்ற வசனத்தைக் கண் முழிக்கிறதுன்னே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!

இப்போ கையெழுத்துக்கு முன்னால பிளேடை விரிச்சு என் உள்ளங்கையில வெளிச்சம் விழுதான்னு பார்ப்பேன். கூட இருக்கிற பிள்ளைங்க கேலி பண்ணுவாங்க, பண்ணட்டும்.

திருவைகுண்டம் மருமகள்

சிஸ்டர் அக்கா, வாசிச்சுட்டு என் உள்ளங்கையைப் பார்த்துக்கிட்டேன்.

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. கிறிஸ்மஸுக்கு முந்தின ஆகமன காலத்து மூணாம் ஞாயிறு. காலையில அந்த மழைக்குள்ளயும் கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். மழை நிக்கவே இல்லை. காயல்பட்டினத்துல மட்டும் 24 மணி நேரத்துல ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். ராத்திரி எங்க ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் 800 பேர் போல பயணிகளோட நின்னுட்டு. பக்கத்து ஊர்க்காரங்கதான் அவங்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தாங்க.

எங்க தெருவுல தண்ணி ஏற ஆரம்பிச்சதும் நான் பக்காவா இருந்தேன். டார்ச், மெழுகுவர்த்தி, பைபிள், ரேஷன் கார்டு, ஞானஸ்நான சர்ட்டிபிகேட், எல்லாம் ஒரே பையில. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மாடிக்கு ஏறி, மெழுகுவர்த்தியை ஏத்தி, 91-ஆம் சங்கீதத்தை எடுத்தேன். பாதியில மாமியார் என் கையைப் பிடிச்சு நிப்பாட்டினாவ. "பக்கத்து வீட்டு ஆச்சி எங்க?"

எனக்கு அந்த ஆச்சி நினைப்பே வரல. தனிக்கட்டை, காது கேக்காது. எங்க வீட்டுக்காரரும் எதுத்த வீட்டுப் பையனும் நெஞ்சளவு தண்ணியில போனா, கட்டில் மேல ஸ்டூலைப் போட்டு, அதுக்கு மேல உட்கார்ந்திருக்காவ. மடியில ஒரு கோழி. தூக்கிட்டு வந்து மாடியில விட்டதும் என்கிட்ட கேட்டது, "ஜெபம் முடிஞ்சிட்டா தாயி?" குத்திக் காட்டல, நிசமாத்தான் கேட்டாவ. எனக்குத்தான் முகத்தை எங்க வைக்கன்னு தெரியல.

இடையன்குடிக்காரன்

எல்லாத்தையும் வாசிச்சேன். தைரியம் வரல, ஆனா சொல்லுதேன்னு சொல்லிட்டேனே.

எனக்கு ஒரு தம்பி, ஊர்லதான் இருக்கான். அப்பா வீட்டைப் பாகம் பிரிக்கையில பேச்சு முத்தி ரெண்டு பேரும் விலகிட்டோம். மூணு வருஷம் ஆகுது. இந்த மூணு வருஷமும் ஒரு மாசம் தவறாம நான் பந்திக்கு எழும்பியிருக்கேன். தாத்தா எழும்பாம உட்கார்ந்திருந்த கதையை ஊருக்கெல்லாம் சொல்லுறவன் நான்.

மணி பத்தே முக்காலுக்கு அவன் நம்பருக்கு அடிச்சேன். முழு ரிங்கும் போச்சு, எடுக்கல. போனைக் கவுத்து வச்சுட்டு விளக்கை அணைக்கப் போகையில அவனே கூப்பிட்டான். குரல் நடுங்குது.

"என்னண்ணே, யாருக்கு என்ன? அம்மைக்கு முடியலியா?"

"அம்மை நல்லாத்தான் இருக்கால. சும்மாதான் கூப்பிட்டேன்."

கொஞ்ச நேரம் ரெண்டு பக்கமும் சத்தமே இல்லை. அப்புறம் அவன், "சாப்பிட்டியா?" ன்னான்.