வயல்வேலை செய்யும் பெண்களின் வலிமை வெறும் பழக்கமா?

கேள்வி (மலர்விழி):
நான் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குபவள். என் அம்மாவுக்கு வாழ்நாள் முழுக்க வயல்வேலைதான். ஈர மண்ணில் மண்வெட்டி பிடித்தால் சற்று நேரத்தில் நான் வரப்பில் உட்கார்ந்துவிடுகிறேன். அவரோ பேசிக்கொண்டே பாத்தியை முடித்துவிடுகிறார். மெலிந்த உடம்பு, புடைத்த தசை எதுவும் கிடையாது. கேட்டால் எல்லோரும் "பழக்கம்தான்" என்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில் (தென்றல்):
நான் இயன்முறை மருத்துவர். உழைக்கும் பெண்களின் முதுகையும் தோளையும் நாள்தோறும் தொட்டுப் பார்க்கிறவள் என்பதால், "பழக்கம்தான்" என்ற சொல் எனக்குக் கோபமூட்டுகிறது. அந்தப் பழக்கம் எலும்பையே மாற்றிவிடுகிறது. எலும்பு உயிருள்ள திசு. பாரம் விழும் இடத்தில் அது கெட்டிப்படும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மத்திய ஐரோப்பாவில் 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உழவர்குடிப் பெண்களின் மேற்கை எலும்பை, இன்றைய படகுப் போட்டி வீராங்கனைகளின் எலும்போடு ஒப்பிட்டார்கள். அந்த வீராங்கனைகள் வாரத்துக்குச் சராசரியாக 120 கிலோமீட்டர் துடுப்பு வலிப்பவர்கள். அப்படியிருந்தும் உழவுப் பெண்களின் எலும்பே 11 முதல் 16 சதவீதம் வலுவாக இருந்தது. மண் கொத்தியதும், அறுத்ததும், மணிக்கணக்கில் கல்லில் தானியம் அரைத்ததும் அந்தக் கைகள்தான்.

தசை புடைக்காததில் வியப்பில்லை. வலிமை தசையின் பருமனை மட்டும் பொறுத்ததன்று. நரம்புகள் தசைநார்களை எவ்வளவு ஒழுங்காக இயக்குகின்றன என்பதும் முக்கியம். உங்கள் அம்மாவின் கையை அருகிலிருந்து கவனியுங்கள். மண்வெட்டியை ஓங்கி அடிக்கமாட்டார். தூக்கியதும் பிடியைச் சற்றுத் தளர்த்தி, அதன் கனத்தையே மண்ணில் இறங்கவிடுவார். கட்டியைப் புரட்டும்போது முழங்கை விலாவை ஒட்டியிருக்கும்.

பதில் (வேலாயி):
நானும் வயலில் இருப்பவள். வலிமை உண்டு, மறுக்கவில்லை. அதைச் சொல்லியே கூடுதல் சுமையை எங்கள் தலையில் ஏற்றுகிறார்களே! ஆணுக்கு இணையாகத் தூக்குகிறோம், கூலி மட்டும் குறைகிறது. குனிந்தே களை பறித்த இடுப்பு இரவில் தூங்கவிடுவதில்லை.

பதில் (தென்றல்):
வேலாயி அக்கா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். எலும்பும் தசையும் தேறுவது ஓய்வில்தான். உடற்பயிற்சி செய்பவருக்கு ஓய்வு நாள் உண்டு; புரதம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறார். வயலில் நிற்பவருக்கு வேலை முடிந்ததும் அடுப்பு காத்திருக்கிறது. இரத்தசோகை இருந்தால் எத்தனை வலுவான கையும் சீக்கிரம் களைத்துவிடும். மலர்விழி, அம்மாவுக்கு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்திருக்கிறீர்களா?

மலர்விழி:
இல்லை. இந்த வாரமே அழைத்துப் போகிறேன். இடுப்புவலி இருக்கிறதா என்றுகூட இதுவரை கேட்டதில்லை.

பதில் (வேலாயி):
அவர் மண்வெட்டிக்கு நீளமான காம்பு போட்டுக் கொடு, தாயி. குனிவது பாதியாகக் குறையும். காம்பு அவர் கைக்குள் அடங்குகிறதா என்று பார்த்து வாங்கு. தடித்த காம்பு மணிக்கட்டைக் கெடுத்துவிடும்.