பொருள்: கிராண்ட் ஸ்ட்ராட்டஜி – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

உவர்மலை ஆசிரியை:
வணக்கம். உயர்தர வகுப்புக்கு வரலாற்றாசிரியர் மைக்கேல் ஹவார்ட் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். 1943இல் சலேர்னோவில் சண்டையிட்டுப் பதக்கம் வாங்கியது, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் போரியல் துறையை வளர்த்தது, 1976இல் பீட்டர் பாரெட்டோடு சேர்ந்து, கிளவுஸவிட்ஸ் போரைப் பற்றி ஜெர்மனில் எழுதிய நூலை ஆங்கிலத்தில் தந்தது எல்லாம் எழுதியாயிற்று. பிரித்தானிய அரசின் போர் வரலாற்று வரிசையில் அவர் எழுதிய தொகுதியின் தலைப்பான 'கிராண்ட் ஸ்ட்ராட்டஜி'யில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு நாடு படை, பணம், நட்பு நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்து வகுக்கும் நீண்டகாலத் திட்டம் அது. 'போர்த்தந்திரம்' என்று போட மனம் வரவில்லை.

மூதூர் மாஸ்டர்:
ஸ்ட்ராட்டஜிக்கு மூலோபாயம், டக்டிக்ஸுக்குத் தந்திரோபாயம். இரண்டும் நம்மிடம் புழங்குகிறதே ரீச்சர். முன்னால் ஒரு 'பெரு' போடுங்கள், முடிந்தது.

நிலாவெளிப் பண்டிதர்:
முடியவில்லை. மூலமும் உபாயமும் வடமொழி. "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்" (471). இதைவிட என்ன வரைவிலக்கணம் வேண்டும்? 'வலிதூக்கு' என்க. ஸ்ட்ராட்டஜி என்ற சொல்லின் கிரேக்க மூலம் வெறும் படைத்தலைமையோடு நின்றுவிடுகிறது. குறளில் துணைவலியும் உண்டு. அல்லது 'பெருஞ்சூழ்ச்சி'. 671இல் சூழ்ச்சி என்றால் ஆலோசனைதான்.

சீனன்குடாத் தம்பி:
ஐயா, பெருஞ்சூழ்ச்சி என்றால் இன்று சதி. வலிதூக்கு என்றால் பிள்ளைகள் முதுகுவலித் தைலம் என்பார்கள்.

பண்டிதர்:
உங்கள் ஊர் எண்ணெய்த் தாங்கியைக் 'குதம்' என்கிறார்கள். அதைக் கேட்டு, குதம் என்றால் மலவாய் என்று விலங்கியலில் படித்த பிள்ளை எது சிரிக்காமல் இருந்தது? பழகிவிடவில்லையா?

தம்பி:
அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் நல்ல உதாரணம் தந்துவிட்டீர்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் நம் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டது ஒரு நாள் சண்டை. பிரித்தானியர்கள் அத்தனை குதங்களை இந்தக் காட்டுக்குள் கொண்டுவந்து கட்ட யோசித்தார்களே, அந்த யோசனைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

மாஸ்டர்:
அப்படியென்றால் உபாயமே பொருத்தம். சாமம், தானம், பேதம், தண்டம்: நான்கில் படை கடைசி. பேச்சும் பணமும் முன்னால் நிற்கின்றன. வடமொழி என்று தள்ளினால் இந்தப் பொருளும் சேர்ந்து போய்விடும்.

ஆசிரியை:
போட்டோக்கொப்பிக் கடை ஐந்து மணிக்குப் பூட்டுகிறது. 'பெரு மூலோபாயம்' என்று போட்டு, கீழே குறள் 471ஐயும் சேர்த்துவிட்டேன்.

பண்டிதர்:
குறளைக் கீழே போட்டீர்களா? என் மறுப்பையும் பக்கத்தில் போட்டிருக்கலாம். அதோடு, பெருமூலோபாயம் என்று சேர்த்தல்லவா எழுத வேண்டும்?