சாம்பிளை அனுப்பினீங்களா, கருவியை ஓட்டினீங்களா?

வெளிநாட்டு போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை) தேடுறவங்களுக்கு மூணு பேர் சொல்றது:

நாகர்கோவில், வேதியியல்:

வெளிநாட்டு போஸ்ட்டாக் தேடும்போது நம்ம பிள்ளைகள் அடிவாங்குற இடம் ஆங்கிலம் இல்லை, சிவி. 'எக்ஸ்ஆர்டி, டெம், ஐசிபி-எம்எஸ் தெரியும்' என்று (படிக அமைப்பைப் பார்க்க, நுண்ணிய உருவத்தைப் பார்க்க, தனிமங்களை அளக்க உதவும் கருவிகள்) வரிசையாக எழுதிவிடுறாங்க. இங்குள்ள பல கல்லூரிகளில் சாம்பிளைப் பொட்டலம் கட்டி கொச்சியிலுள்ள குசாட் பல்கலைக்கழகத்துக்கோ ஐஐடி மெட்ராஸுக்கோ அனுப்பி டேட்டா வாங்குறதே வழக்கம். அதில் வெட்கம் ஒண்ணும் கிடையாது. ஆனா நேர்காணலில் "டெம் சாம்பிளை எந்த கிரிட்டில் ஏற்றினீங்க?" என்று (சாம்பிளைத் தாங்குற சின்ன வலைத்தட்டுதான் கிரிட்) கேட்டா முழிக்க வேண்டிவரும். சிவியில் ரெண்டாகப் பிரியுங்க: நானே இயக்கிய கருவிகள், டேட்டாவை நானே அலசியவை. ரீட்வெல்ட் ரிஃபைன்மென்ட் (எக்ஸ்ஆர்டி டேட்டாவிலிருந்து படிக அமைப்பைக் கணக்கிடும் முறை) சொந்தமாகச் செய்யத் தெரிஞ்சா, மெஷினில் பொத்தான் அழுத்துறதைவிட அதுக்கு மதிப்பு கூடுதல்.

பேராசிரியருக்கு எழுதுற மெயில் 200 வார்த்தைக்குள் நிற்கணும். 'மோனசைட்டில் ஆய்வு செய்தேன்' என்று (நம்ம கடற்கரை மணலில் கிடைக்கிற, தோரியம் உள்ள கனிமம்) மட்டும் எழுதினால் யாருக்கும் ஒண்ணும் புரியாது. 'மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைப் பிரித்து, 40 மாதிரிகளில் தோரியம் அளந்தேன்; உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்திலுள்ள கரைப்பு முறையை இதில் முயலலாம்' என்று எழுதுங்க. பெண் பேராசிரியருக்கு 'டியர் சார்' போடுறது இன்னும் நிற்கல்ல! ஒரே மெயிலை முப்பது பேருக்குத் தட்டிவிட்டா முப்பதும் குப்பைக்குத்தான். பதில் இல்லைன்னா பத்து நாள் கழிச்சு ஒரே ஒரு நினைவூட்டல், அதோட விட்டுடுங்க.

தக்கலை, இயற்பியல்:

அண்ணன் சொன்னதோட தேதிக் கணக்கையும் சேத்துக்கிடுங்க. பிஎச்டி முடிஞ்ச நாளிலிருந்தே கடிகாரம் ஓடும். ஜெர்மனியின் ஹம்போல்ட் போஸ்ட்டாக் உதவித்தொகைக்கு 4 ஆண்டுக்குள் விண்ணப்பிக்கணும், ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ்ஸுக்கு 6, ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரிக்கு 8. மேரி கியூரியில் இன்னொரு கட்டு உண்டு: கெடு தேதிக்கு முந்தின 36 மாதத்தில், போகப்போற நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஆனா பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டாம். கெடுவுக்குள் வைவா (பிஎச்டியின் கடைசி வாய்மொழித் தேர்வு) வெற்றிகரமாக முடிஞ்சிருந்தா போதும். அதனால வைவா முடிஞ்ச கையோட அபிஷேகப்பட்டிக்கு ஒரு நடை போய், அதைச் சொல்லும் கடிதத்தை அங்குள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் வாங்கிடுங்க. மேரி கியூரிக்குக் கெடு பெரும்பாலும் செப்டம்பர். பேராசிரியரை ஏப்ரலிலேயே பிடிச்சாத்தான் பத்துப் பக்கத் திட்டத்தை ரெண்டு மூணு தடவை திருத்த நேரம் கிடைக்கும். ஜேஎஸ்பிஎஸ்ஸில் பெரும்பாலும் விண்ணப்பம் போட வேண்டியதே ஜப்பானிலுள்ள பேராசிரியர். அவர் சம்மதிக்காம ஒரு அடி நகராது.

மார்த்தாண்டம், கடல் உயிரியல்:

பரிந்துரைக் கடிதத்தில் ஒரு சின்ன சங்கதி. கைடின் (ஆய்வு வழிகாட்டி) ஜிமெயில் முகவரியைச் சில விண்ணப்பத் தளங்கள் ஏற்காது, கல்லூரி முகவரிதான் வேணும். கடிதத்தை ஏத்தச் சொல்லி அங்கே போற லிங்க் சில நேரம் ஸ்பாமில் விழுந்து காலாவதி ஆகும். லிங்க் போன அன்னைக்கே கைடுக்கு போன் போட்டு, "சார், ஸ்பாமையும் ஒருக்கா பாத்துக்கிடுங்க" என்று சொல்லிடணும்.

ஏஜென்ட் காசு கேட்டா அது போஸ்ட்டாக்கே இல்லை, மக்கா.

ஜெர்மனிக்காரங்க காலை 10 மணி என்றால் கோடையில் நமக்கு மதியம் 1.30, அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து 2.30. அந்த ஒரு மணி நேர மாற்றத்தில் நேர்காணலையே தவறவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்டை நம்ப முடியாது. லேப்டாப்பை முழுசா சார்ஜ் ஏத்தி, வேற கம்பெனி சிம் போட்ட போன் ஒண்ணைப் பக்கத்துல வச்சுக்கிடுங்க. ஸ்லைடை பிடிஎஃப் ஆக்கி முந்தின நாளே அனுப்பிட்டா, வீடியோ அறுந்தாலும் பக்க எண்ணைச் சொல்லிக்கிட்டே போனில் பேசி முடிச்சிடலாம்.