நோர்வேயில் படிப்பும் வேலையும்: இன்றும் உறுத்தும் ஒரு சந்திப்பு

(இங்கு படித்த, வேலை செய்த தமிழர்கள் புனைபெயர்களில் எழுதிய பதிவுகள். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வடகடல்

1988இல் நோர்வேயின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க் மாவட்டத்தின் வார்டோ என்ற ஊரில் மீன் ஆலையொன்றில் வேலை செய்தேன். மக்கள் உயர்பாடசாலை என்ற, தேர்வில்லாமல் தங்கிப் படிக்கும் பள்ளி, மாணவர் விசா, பிறகு வடக்கே மீன் வேலை என்று எங்களவர்கள் வந்து சேர்ந்த வழி இங்குள்ள பலருக்கும் தெரிந்ததுதான் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். கீழிருந்து வெளிச்சம் வரும் மேசையில் மீன் துண்டைப் பரப்பி, முள்ளையும் புழுவையும் எடுத்துத் தள்ள வேண்டும். எடைக்கேற்ற கூலி, அதாவது அக்கோர்ட். என் பக்கத்தில் நின்றவர் ஐம்பதை நெருங்கிய நொர்வேஜியப் பெண்மணி. ஒருநாள் இடைவேளையில் நான் ஓர் அட்டைப் பெட்டியின் பின்புறத்தில் அந்த வாரக் கூலியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் குனிந்து அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீ உன் ஊரில் ஆசிரியராக இருந்தாயா?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் மூன்று ஆண்டுகள் உயர்தர வகுப்புக்குத் தூய கணிதம் படிப்பித்த நான், "இல்லை" என்றேன். "ஆம்" என்றால் அடுத்து வரும் பத்துக் கேள்விகளுக்கு நோர்ஸ்க்கில், அதாவது நொர்வேஜிய மொழியில், பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம்தான் காரணம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தன் மகளுக்கு அட்சரகணிதம் ஏறவில்லை என்று சொல்லிவிட்டு அவர் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒஸ்லோவுக்கு வந்து அலுவலகங்களைத் துப்புரவு செய்துகொண்டிருந்த காலத்தில், வார்டோவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மீதியைச் சொன்னார். அந்த ஆண்டு அவ்வூர்ப் பள்ளியில் கணக்குக்கு ஆள் கிடைக்காமல், படிப்பை முடிக்காத இளைஞன் ஒருவனைப் பதிலாசிரியராக வைத்திருந்தார்களாம். பள்ளி அலுவலகத்தில் இருந்தவர் அந்தப் பெண்மணியின் அக்காளாம். ஆசிரியர் வேலை எனக்குக் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்ட கேள்விக்கு நான் ஏன் பொய் சொன்னேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

பேர்கன்மழை

நான் 2022 ஆகஸ்டில் முதுநிலைப் படிப்புக்கு வந்தேன். கல்விக் கட்டணமே இல்லாமல், தவணைக்கு சில நூறு குறோனர் (நோர்வே நாணயம்) மாணவர் கட்டணம் மட்டும் செலுத்திச் சேர முடிந்த கடைசி ஆண்டு அது என்று அப்போது எனக்குத் தெரியாது. என் சித்தி மகனும் அதே ஆண்டு விண்ணப்பிக்கவிருந்தான். "ஒரு வருடம் வேலை செய்து கொஞ்சம் பணம் சேர்த்துக்கொள், விசாவுக்குக் கணக்கில் காட்ட வேண்டிய தொகைக்கு உதவும், படிப்பு எங்கே ஓடிவிடப் போகிறது" என்று அவனைத் தடுத்தவன் நான்தான். அக்டோபர் 6ஆம் தேதி வெளியான அரசின் வரவுசெலவுத் திட்டத்தில், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் வெளியிலிருந்து வருவோர் 2023 இலையுதிர்காலத்திலிருந்து கட்டணம் செலுத்த வேண்டும் என்று இருந்தது. ஆண்டுக்கு ஒரு இலட்சம் குறோனருக்கு மேல்.

அன்று இரவு அவன் தொலைபேசியில் என்னைத் திட்டவில்லை. "அண்ணா, நீங்கள் அங்கே சேர்ந்தவர்தானே, உங்களுக்கு இது பொருந்தாதுதானே?" என்று என்னைப் பற்றித்தான் கேட்டான். பொருந்தாது என்று சொல்லும்போது எனக்கு நாக்கு எழவில்லை. இப்போது அவன் கோயம்புத்தூரில் நல்ல வேலையில்தான் இருக்கிறான். ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் பேசும்போது நாங்கள் இருவரும் நோர்வே என்ற சொல்லைத் தவிர்த்துவிடுகிறோம்.

முதல்சம்பளம்

வரி அட்டை எடுக்காமல் வேலை தொடங்கியவர்களின் சம்பளத்தில் பாதி வரியாகப் பிடிக்கப்படும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சம்பளச் சீட்டுடன் கணக்காளரிடம் ஓடியபோது அவர் சிரித்துக்கொண்டே, "உன் பணத்தை நான் தின்னவில்லை, அட்டையைக் கொண்டுவா" என்றார். நான் பலர் முன்னிலையில் அவரைத் திருடர் என்று சொல்லியிருந்தேன். பணம் பிறகு திரும்பி வந்துவிட்டது. அவர் முகத்தை நேராகப் பார்க்கத்தான் எனக்கு ஓராண்டு பிடித்தது.

குரூருட்தகப்பன்

பேர்கன்மழைத் தம்பி, நீங்கள் தேவையில்லாமல் உங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்கிறீர்கள். கட்டணம் இல்லாத காலத்திலும் வாடகையும் சாப்பாடும் இலவசமாக இருக்கவில்லை. தவணைக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் மட்டும் வேலை செய்து ஒஸ்லோவில் வாழ்ந்து காட்டுவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும். வடகடல் ஐயா சொன்னதையும் நான் முழுதாக ஏற்கவில்லை. பட்டம்தான் வாழ்க்கை என்று நாம் நினைப்பதால்தான் மீன் மேசை நமக்கு அவமானமாகத் தெரிகிறது.

என் கதை சிறியது. மகன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி ஆலோசகர் எங்களை அழைத்து, அடுத்து என்ன படிக்க விருப்பம் என்று கேட்டார். "மருத்துவம், இல்லையேல் பொறியியல்" என்றேன். அவர் என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையான குரலில், "நான் உங்களிடம் கேட்கவில்லை, அவனிடம் கேட்டேன்" என்றார். மகன் தரையைப் பார்த்தபடி "எலக்ட்ரீஷியன்" என்றான். பிறகு பல மாதங்கள் நான் அவனிடம் சரியாகப் பேசவில்லை.

பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். தொழிற்கல்வி என்பது பொதுவாக இரண்டு ஆண்டு பள்ளி, இரண்டு ஆண்டு நிறுவனத்தில் பயிற்சி. பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டு. முடிவில் தொழிற்தேர்வில் தேறி ஃபாக்பிரேவ் என்ற தொழிற்சான்றிதழைப் பெறலாம். அத்துடன் கதவு மூடிவிடுவதில்லை. ஓராண்டு கூடுதல் படிப்பு படித்தால் பல்கலைக்கழகத் தகுதி வந்துவிடும். தொழிற்சான்றிதழுடனேயே நேராகப் பொறியியல் பட்டப்படிப்பில் சேர ஒய் வழி என்று தனிப்பாதையும் சில உயர்கல்லூரிகளில் இருக்கிறது. பட்டம்தான் வேண்டுமென்றால், வீட்டை விட்டு வெளியே தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அரசுக் கல்விக்கடன் நிதியம் கொடுக்கும் தொகையில் 40 சதவீதம் வரை, தேர்ச்சியையும் பட்டத்தையும் பொறுத்து, உதவித்தொகையாக மாறும். படித்து முடித்து ஃபின்மார்க்கில் வேலைக்குப் போனால், ஆண்டுதோறும் கடனில் பத்தில் ஒரு பங்கை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, தள்ளுபடி செய்யும் திட்டம் 1990 முதல் இருக்கிறது, வரியும் குறைவு. நாம் தப்பித்து ஓடிவந்த அதே வடக்குக்குத்தான் போகச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். வயது வந்தவர்களும் பல ஆண்டு வேலை அனுபவத்தைக் காட்டி, பள்ளிக்கே போகாமல் தொழிற்தேர்வு எழுதலாம். நான் 2011இல் அப்படித்தான் எழுதினேன். அன்றைய விதிப்படி ஐந்து ஆண்டு அனுபவம் கேட்டார்கள்.

எண்ணெய்க்கரை

குரூருட்தகப்பன் அவர்களே, தம்பி உங்களிடம் அறிவுரை கேட்கவில்லை. தன் சித்தி மகனைப் பற்றிச் சொன்னார். நானும் அறிவுரை கேட்டு எழுதவில்லை.

சென்னையில் படித்து, ஸ்டவாங்கரில் எண்ணெய்த் தளங்களுக்கான வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்தேன். 2014இன் பிற்பாதியில் எண்ணெய் விலை சரியத் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆட்குறைப்பு எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. இந்நாட்டில் மேலாளரையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். எனக்கு அது பழகவே இரண்டு ஆண்டுகள் ஆயின. அன்று அவர் என்னைச் சிறிய அறைக்கு அழைத்து, கடிதத்தை மேசையில் வைத்தார். திறன்பணியாளர் அனுமதியில் இருப்பவன் வேறு வேலை தேடிக்கொள்ள ஆறு மாதம்தான் அவகாசம், மனைவியின் அனுமதியும் என் அனுமதியோடு பிணைந்தது, மகள் அப்போதுதான் மழலையர் பள்ளியில் நொர்வேஜியப் பாட்டுகள் பாடத் தொடங்கியிருந்தாள். எல்லாம் சேர்ந்து வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: "உனக்கென்ன, நீ இந்த ஊர்க்காரன், உன்னை யார் அனுப்பப் போகிறார்கள்?"

அவர் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தார். மாலையில் இருவரும் ஒரே பேருந்தில் போனோம். அவருடைய மடியில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. அதில் குழந்தைகளின் படம், காபிக் குவளை, ஒரு சிறிய கள்ளிச் செடி. பட்டியலில் அவர் பெயரும் இருந்திருக்கிறது. அவருக்கு முந்தைய சம்பளத்தில் 62.4 சதவீதம் வேலையின்மைப் படியாகக் கிடைக்கும், எனக்கு நாடே போய்விடலாம் என்ற வேறுபாடு உண்மைதான். அந்த வேறுபாட்டை இன்றும் நான் மறுக்கவில்லை. ஆனாலும் இறங்கும்போது அவர் என் தோளைத் தொட்டதற்கு நான் திரும்பியும் பார்க்கவில்லை.

வெள்ளைச்சீருடை

மதுரையில் ஒன்பது ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தேன். இங்கு முதல் மூன்று ஆண்டுகள் முதியோர் இல்லத்தில் உதவியாளர்தான், ஏனென்றால் மொழித்தேர்வில் பி2 நிலை, நாட்டு நல்வாழ்வுச் சட்டங்கள் பற்றிய பாடம், மருந்துக் கையாளுதல் பாடம் எல்லாம் முடித்த பிறகே சுகாதார இயக்குநரகம் செவிலியர் உரிமம் தரும். ஓர் இரவு, ஒரு பாட்டியம்மாவின் மூச்சைக் கேட்டதுமே நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மருந்து அலமாரியின் சாவி, படித்து முடித்து இரண்டு மாதமே ஆன 23 வயதுப் பெண்ணின் கழுத்தில் இருந்தது. அவள் கை நடுங்கியது. நான் அவளருகில் நின்று அவசர மருத்துவரிடம் தொலைபேசியில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல் சொல்லாகச் சொல்லிக்கொடுத்தேன். அவள் அதைத் தன் வாயால் சொன்னாள். பாட்டியம்மா பிழைத்துக்கொண்டார். காலையில் பணிமாற்றக் கூட்டத்தில் அந்தப் பெண்ணைப் பாராட்டினார்கள். அவள் என்னைப் பார்த்தாள், நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. வடகடல் ஐயா "இல்லை" என்று சொன்னதைப் படித்தபோதுதான் இது ஞாபகம் வந்தது.

வடகடல்

குரூருட்தகப்பன், மீன் மேசை எனக்கு அவமானமாக இருந்ததில்லை. அந்தக் கூலியில்தான் இரண்டு தங்கைகளுக்குத் திருமணம் நடந்தது. வெள்ளைச்சீருடை சகோதரி, சாவி இப்போது உங்களிடம் இருக்கிறதா?

வெள்ளைச்சீருடை

இருக்கிறது ஐயா, நான்காம் ஆண்டிலிருந்து. அந்தப் பெண் இப்போது எங்கள் பிரிவுத் தலைவி.