மறு: பாஸ்கீக்குத் தமிழ்ச் சொல் – கடவுத்திறப்பு

அன்பின் நண்பர்களுக்கு,

வீட்டுக் கணினியை ஒழுங்காக அமைத்துப் பாதுகாப்பதற்கான கையேட்டில் இழுபறியில் நிற்பது பாஸ்கீ (passkey) என்பதற்கான தமிழ்ச் சொல்தான். கடவுச்சொல்லைத் தட்டாமலே தளங்களுக்குள் போக உதவுவது பாஸ்கீ. கடவுச்சொல், தீச்சுவர், நச்சுநிரல், காப்புப்பிரதி எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. பாஸ்கீக்கு வந்த முன்மொழிவுகளை எல்லாம் படித்தபின் ‘கடவுத்திறப்பு’ என்பதை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இந்தச் சொல் பிழைத்தால், அந்தப் பொருளைப் பற்றிய விளக்கமும் வீடுகளில் பிழையாகத்தான் போய்ச் சேரும்.

முதலில் பொருள். ஒரு தளத்தில் பாஸ்கீ உருவாக்கும்போது, ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு பெரிய எண்கள் பிறக்கின்றன. ஒன்று இரகசியமாக நம்மிடமே இருக்கும். மற்றது தளத்துக்குப் போகும். பிறகு உள்நுழையும் ஒவ்வொரு தடவையும் தளம் புதிதாக ஒரு கேள்வியை அனுப்பும். நம்மிடமுள்ள இரகசிய எண் அதற்குக் கையொப்பமிட்டு அனுப்பும். தளம் தன்னிடமுள்ள எண்ணை வைத்து அதைச் சரிபார்க்கும். இரகசிய எண் தளத்துக்குப் போவதே இல்லை. ஆகவே தளத்தின் தரவுத்தளத்தை யாராவது திருடினாலும் உள்நுழைய உதவும் எதுவும் கிடைக்காது. வங்கியின் முகவரியில் ஓர் எழுத்தை மாற்றிப் போலித்தளம் போட்டாலும், முகவரி பொருந்தாததால் பாஸ்கீ அங்கே வேலை செய்யாது. இதன் அடித்தளத் தரத்தை 2019 மார்ச்சில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசொஃப்ட் மூன்றும் ஒன்றாக ஆதரவு அறிவித்தன. அடுத்த மே மாதம் கூகுள் கணக்குகளுக்கே அது வந்துவிட்டது.

> கைரேகைச்சொல் என்றால் எல்லோருக்கும் உடனே விளங்கும்.

உடனே விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாமிக்குப் புது மடிகணினியை அமைத்துக் கொடுத்தபோது, விரலை வைக்கச் சொல்லித் திரையில் வந்ததும் அவர் கையை இழுத்துக்கொண்டார். “தம்பி, என்ர விரல் அடையாளத்தை உவங்கள் அமெரிக்காவுக்கு அனுப்பப் போறாங்களோ?” நியாயமான பயம். விரலடையாளம் அந்தக் கணினியை விட்டு வெளியே போகாது. இரகசிய எண்ணைப் பாவிக்க அனுமதி கேட்கிற வேலைதான் அதற்கு. விரலுக்குப் பதிலாகப் பின் (PIN) இலக்கத்தைத் தட்டினாலும் அதே வேலை நடக்கும். மாமி கடைசியில் அதைத்தான் தெரிவு செய்தார். ‘கைரேகைச்சொல்’ என்று எழுதிவைத்தால், அவருடைய பயத்துக்கு நாமே அச்சில் ஆதாரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

> கடவுச்சாவி போதுமே. தமிழ்நாட்டிலும் விளங்கும்.

இதில் பாதியை ஏற்கிறேன். ‘கடவு’ என்ற முன்பாதி நல்ல பாதி. கடவுச்சீட்டு, புகையிரதக் கடவை, பாதசாரிக் கடவை என்று கொழும்பில் தினமும் கண்ணில் படுகிற சொல். கடந்து போக விடுவது என்ற பொருள் எவருக்கும் தெரியும். சிக்கல் ‘சாவி’யில். இங்கே இலங்கையில் பாடப்புத்தகத்தில் சாவிப்பலகை என்று படித்த பிள்ளைக்கு, கணினிக்குப் பக்கத்தில் சாவி என்றால் அழுத்துகிற பொத்தான். “கடவுச்சாவியைப் பாவிக்கவும்” என்று திரையில் வந்தால் அது பலகையில்தான் தேடும். கதவைத் திறப்பதற்கு நமக்குத் திறப்புத்தான். கதிரை, அலுமாரி, சப்பாத்து என்று போர்த்துக்கேயரிடம் இத்தனை சொற்களை எடுத்த நாம், அவர்களிடமிருந்து வந்த சாவியை வீட்டுக் கதவுக்கு எடுக்கவில்லை.

தமிழ்நாட்டு நண்பர்களுக்குத் திறப்பு என்றதும் அணை திறப்பும் பாலம் திறப்பும் நினைவுக்கு வரும் என்பது தெரியும். தனிச்சொல்லாக நின்றால் அந்தக் குழப்பம் உண்டு. கடவுத்திறப்பு என்று ஒட்டி நிற்கும்போது வெகுவாகக் குறையும். முதல் தடவை வரும் இடத்தில் “திறப்பு, அதாவது சாவி” என்று ஒரு வரி போட்டால் போதும்.

> திறப்பு என்றால் பூட்டுக்குள் போகிற பொருள். இது கையொப்பம்தானே வைக்கிறது. கடவு முத்திரை என்பதே தொழினுட்பப்படி சரி.

இதுவரை வந்தவற்றில் வலுவான எதிர்வாதம் இதுதான். தொழினுட்பத்தை மட்டும் பார்த்தால் முத்திரைதான் கிட்ட வருகிறது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. முத்திரை என்றால் கொழும்பில் தபால் முத்திரை, இல்லாவிட்டால் அலுவலகத்து இறப்பர் முத்திரை. அதைவிட முக்கியமான காரணம் வேறு. ஒரு சொல்லைக் கேட்டதும் அந்தப் பொருளை எப்படிப் பராமரிப்பது என்றும் ஆளுக்குத் தெரியவேண்டும். வீட்டுத் திறப்பைப் பற்றி எவருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒன்று தொலைந்தால் உள்ளே போக இன்னொன்று வேண்டும். யாரிடம் கொடுத்தோம் என்பது நினைவிருக்கவேண்டும். தொலைந்ததைச் செல்லாமல் செய்யவேண்டும். பாஸ்கீக்கு வேண்டிய கவனம் அத்தனையும் இதுவே. போன் ஒன்றில் மட்டும் உருவாக்கி வைத்துவிட்டு அந்தப் போனைப் பஸ்ஸில் தவறவிட்டவர், கணக்கை மீட்க அலையவேண்டி வரலாம். போனில் ஒன்று, வீட்டுக் கணினியில் ஒன்று என்று இருந்தால், கணினியிலிருந்து உள்ளே போய்த் தொலைந்த போனின் பாஸ்கீயை நீக்கிவிடலாம்.

குடும்பம் முழுவதும் ஒரே பயனர் கணக்கில், ஒரே பின் இலக்கத்தில் புழங்கும் கணினிகள் நம் வீடுகளில் நிறைய. அதில் அப்பா தன் மின்னஞ்சலுக்குப் பாஸ்கீ உருவாக்கினால், அந்தப் பின் இலக்கம் தெரிந்த எல்லோரும் அதற்குள் போகலாம். “உங்கட திறப்பை எல்லாருக்கும் எடுக்கக்கூடிய மாதிரி மேசையில வைச்சிருக்கிறியள்” என்று சொன்னால் அப்பாவுக்கு அந்தக் கணமே விளங்கும். ஆளுக்கொரு பயனர் கணக்கை அமைக்க அவரே சம்மதிப்பார். முத்திரை என்று சொல்லி இதை விளங்கப்படுத்த என்னால் முடியாது.

> பாஸ்கீ என்றே விட்டுவிடலாம்.

பேச்சில் தாராளமாக. கையேட்டில் கடவுச்சொல்லுக்குப் பக்கத்திலேயே வருவதால், இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு ஆள் என்பது பெயரிலேயே தெரியவேண்டும்.

கடவுச்சொல்லின் கரைச்சல் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். ஆங்கிலம், தமிழ், சிங்களம் என்று மூன்று விசைப்பலகை அமைப்புகளும் ஏற்றிய கணினிகள் இங்கே வழமை. உள்நுழையும் திரையில் மொழி மாறி நின்றால், கறுப்புப் புள்ளிகளுக்குப் பின்னால் எந்த எழுத்து விழுந்தது என்று தெரியாமல் “கடவுச்சொல் பிழை” என்றே திரும்பத் திரும்ப வரும். ஒரு மூலையில் மொழிக்குறி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தளங்களுக்குள் கடவுத்திறப்பால் போகும்போது இந்தத் தொல்லை இல்லை.

திறப்பை எடுத்துக்கொண்டால் மற்றச் சொற்களும் இலகுவாகப் பிறக்கின்றன. பல கடவுத்திறப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம் திறப்புக்கோர்வை; நம் வாயில் ஏற்கெனவே உள்ள சொல். யூஎஸ்பியில் செருகுகிற சிறு கருவி பாதுகாப்புத் திறப்பு. கணினிக்குள் இருக்கும் எண் தனித் திறப்பு, தளத்துக்குப் போகும் எண் பொதுத் திறப்பு. இந்தப் பொதுத் திறப்பு எதையும் திறப்பதில்லை, சரிபார்க்க மட்டுமே உதவுகிறது என்பதால் அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். விண்டோஸ் கணினியின் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் கேட்கும் 48 இலக்கத் தொடருக்கு மீட்புத் திறப்பு. மதர்போர்ட் மாற்றித் திரும்பிவந்த மடிகணினி திடீரென்று இதைக் கேட்டு நிற்கும். எங்கே எழுதிவைத்தோம் என்று வீடே அலசும். கையேட்டில் இதற்குத் தனிப் பக்கம் வேண்டும்: தாளில் எழுதி, கணினிப் பையில் வைக்காமல், கடவுச்சீட்டு வைக்கும் இடத்தில் வைக்கச் சொல்லவேண்டும்.

கையேட்டுக்கு நான் எழுதிவைத்துள்ள வரிகள் இவை:

“இந்தக் கணினியில் உங்கள் கணக்குக்குக் கடவுத்திறப்பு ஒன்றை உருவாக்கவா?”
“உங்கள் விரலடையாளம் இந்தக் கணினியிலேயே இருக்கும்.”
“வேறொரு சாதனத்திலும் ஒரு கடவுத்திறப்பை உருவாக்கிக்கொள்ளுங்கள்.”
“தொலைந்த சாதனத்தின் கடவுத்திறப்பை நீக்குக.”

வீட்டில் கணினி பழகாத ஒருவரிடம் இவற்றை வாசித்துக் காட்டி, அவர் எந்த வரியில் நின்று கேள்வி கேட்கிறார் என்று எழுதுங்கள். மட்டக்களப்பு, மலையக நண்பர்களின் பதிலுக்குக் குறிப்பாகக் காத்திருக்கிறேன். அங்கே வீட்டுக் கதவுக்குத் திறப்பா, சாவியா என்பதும் தெரியவேண்டும்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து