மதமா, மண்ணா: போர்களின் வேர் எது?

ஒற்றைப்பனை: எந்தச் சண்டையைக் கிளறினாலும் அடியில் மதம் கிடக்கும். 1618இல் தொடங்கி முப்பது வருடம் ஐரோப்பாவைச் சுடுகாடாக்கியது கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பகைதானே?

வழிப்போக்கன்: அதே போரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1635இல் கத்தோலிக்க பிரான்சு நேரடியாகக் களமிறங்கியது புராட்டஸ்டன்ட் சுவீடனின் பக்கம்! முடிவெடுத்த பிரான்சின் முதன்மை அமைச்சர் ரிஷ்லியூ ஒரு கார்டினல் வேறு, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்குரு. ஸ்பெயினையும் ஆஸ்திரியாவையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சம் இரண்டு பக்கமும் நெருக்குகிறதே என்ற கவலை அவருக்கு. நம் காலத்துக்கு வந்தால், ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் மோதிய கராபாக் நிலப்பகுதிச் சண்டையில் ஷியா ஈரான் யாரோடு நெருக்கமாக இருந்தது? ஷியாக்கள் பெரும்பான்மையான அஜர்பைஜானோடு இல்லை, கிறிஸ்தவ ஆர்மீனியாவோடு. தன் நாட்டிலுள்ள அஜெரிகள், அதாவது அஜர்பைஜான் இனத்தவர், பிரிவினை பேசிவிடுவார்களோ என்ற பயம்தான். 1971இல் கிழக்கு, மேற்கு பாகிஸ்தான் இரண்டிலும் பெரும்பான்மை ஒரே மதம். பிறகு ஏன் அத்தனை ரத்தம்?

ஒற்றைப்பனை: ஆள்பவர்களின் கணக்கு அது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2000இல் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனர்களுக்கும் இடையே நடந்த கேம்ப் டேவிட் பேச்சு முறிந்ததே, அதில் பெரிய முடிச்சுகளில் ஒன்று ஜெருசலேமின் அந்த ஒரு மேடு. யூதருக்குக் கோயில் மலை, முஸ்லிம்களுக்கு ஹரம் அல்-ஷரீஃப். வயலென்றால் வரப்பு போட்டுப் பிரித்துவிடலாம். இதை எப்படிப் பிரிப்பீர்கள்?

கேள்விக்குறி: இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வட அயர்லாந்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மோதலில் முப்பது வருடத்தில் சுமார் 3,500 பேர் செத்தார்கள். நற்கருணை பற்றிய தர்க்கத்துக்காக அங்கே யாரும் குண்டு வைக்கவில்லை. பிரிட்டனோடு இருப்பதா அயர்லாந்தோடு சேர்வதா, வீடும் வேலையும் யாருக்கு என்பதுதான் வழக்கு. யார் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுத்தது மதம். போஸ்னியாவில் இன்னும் மோசம். பேச்சு கிட்டத்தட்ட ஒன்றுதான், பெயரைக் கேட்டால்தான் ஆள் எந்த மதமென்று தெரியும். மதம் வெறும் அடையாள அட்டை, அவ்வளவுதான்.

ஒற்றைப்பனை: "வெறும்" என்று சொல்லாதீர்கள் நண்பரே. லெபனானில் அடையாள அட்டையிலேயே மதம் அச்சாகியிருந்தது. உள்நாட்டுப் போரின்போது, 1975 டிசம்பரில், பெய்ரூட் சாலைகளில் வண்டியை மறித்து, அட்டையை வாங்கிப் பார்த்துத்தான் கொன்றார்கள்.

வழிப்போக்கன்: அச்சடித்தது அரசாங்கம். பதவிகளையே மதவாரியாகப் பங்கு வைத்த நாடு அது: அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. நாற்காலிச் சண்டை அப்படித்தான் தெருவுக்கு வந்தது.

ஒற்றைப்பனை: சாலையை மறித்தவனுக்கு எந்த நாற்காலி கிடைத்தது?